செக்யூரிட்டி... செக்யூரிட்டி... யாருக்கு செக்யூரிட்டி? ஒரே வார்த்தைக்கு ஊரெல்லாம் வேறு வேறு அர்த்தம்!

சென்னையில் காலையில் எழுந்து ராத்திரி படுக்கும் வரை நம் காதில் அதிகம் விழும் இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்று 'செக்யூரிட்டி'.

அபார்ட்மெண்ட் கேட்டில் நிற்கிறவர் செக்யூரிட்டி. ரங்கநாதன் தெரு துணிக்கடை வாசலில் பில்லை வாங்கிப் பார்த்து அனுப்புகிறவரும் செக்யூரிட்டி. பேங்கில் லோன் கேட்டால், "என்ன செக்யூரிட்டி தருவீங்க?" என்கிறார்கள். வீடு பார்க்கப் போனால், "செக்யூரிட்டி டெபாசிட் எவ்வளவுன்னு புரோக்கர் சொல்லலையா?" என்று கேட்கிறார்கள். வட்டிக்கு பணம் வாங்கப் போனால், "ஒரு செக் லீப்ல கையெழுத்து போட்டுக் கொடுங்க. சும்மா செக்யூரிட்டிக்குத்தான்" என்கிறார்கள்.

கேட்டவுடன் நமக்கு தோன்றுவது 'பாதுகாப்பு' என்ற ஒரே அர்த்தம்தான். அடடா, பாதுகாப்பு என்றால் நல்லதுதானே என்று தலையை ஆட்டி விடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த வார்த்தைக்கு பின்னால் 'யாருக்கு?' என்ற ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் பாதுகாப்பு அடுத்தவருக்கு. பொருள் மட்டும் நம்முடையது!

கவலை இல்லை என்பதுதான் அர்த்தம்

இந்த வார்த்தை லத்தீன் மொழியில் இருந்து இங்கிலீஷுக்கு போனது. லத்தீனில் 'சே' என்றால் இல்லாமல். 'கூரா' என்றால் கவலை. இரண்டும் சேர்ந்து 'செகூரஸ்'. கவலை இல்லாமல் இருக்கிறவன் என்று அர்த்தம்.

இதே லத்தீன் வார்த்தை பிரெஞ்சுக்காரர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து 'ஷூர்' ஆனது. "ஷூரா வருவியா?" என்று கேட்கிறோமே, அந்த ஷூர்தான். அதில் இருந்து பிறந்ததுதான் ஷூரிட்டி. இன்சூரன்ஸ் என்ற வார்த்தைக்குள்ளும் அந்த 'ஷூர்' ஒளிந்து இருக்கிறது. ஆக செக்யூரிட்டி, ஷூரிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னொரு வேடிக்கை. 400 வருஷத்துக்கு முன்பு இங்கிலீஷிலேயே இந்த வார்த்தைக்கு 'கவலையே இல்லாமல் அசட்டையாக இருப்பது' என்று ஒரு கெட்ட அர்த்தமும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தில் அந்த அர்த்தத்தில்தான் வருகிறது. இப்போது அந்த அர்த்தம் வழக்கத்தில் இல்லை. ஆனால் நம் ஊரில் கையெழுத்து போடுகிறவர்களைப் பார்த்தால் அந்த அர்த்தம்தான் பொருந்தும் போல இருக்கிறது.

சரி, சேப்டி வேறு, செக்யூரிட்டி வேறா? ஆமாம். தவறி நடக்கும் விபத்தில் இருந்து காப்பது சேப்டி. ஒருவன் வேண்டுமென்றே செய்யும் கெடுதலில் இருந்து காப்பது செக்யூரிட்டி. ஹெல்மெட் சேப்டி, வண்டிக்குப் போடும் பூட்டு செக்யூரிட்டி. சிவகாசி தீப்பெட்டியில் 'சேப்டி மேட்சஸ்' என்று போட்டு இருப்பதைப் பார்த்து இருப்பீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் மருந்தில் உரசினால்தான் அந்தக் குச்சி பற்றும். கண்ட இடத்தில் உரசினால் பற்றாது. அதனால்தான் அந்தப் பெயர்.

கேட்டில் நிற்கும் மனிதர்

முன்பெல்லாம் கூர்க்கா வருவார். ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு, தடியை ரோட்டில் தட்டிக்கொண்டு போவார். ஒண்ணாம் தேதி ஆனால் வீடு வீடாக வந்து காசு வாங்குவார். பிறகு 'வாட்ச்மேன்' வந்தார். இப்போது 'செக்யூரிட்டி'. வேலைக்கு வைத்த பெயரே ஆளுக்கும் பெயராகி, "செக்யூரிட்டி அண்ணே, பார்சல் வந்துச்சா?" என்று கேட்கிறோம்.

இவர்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகளுக்கு என்று 2005-ல் மத்திய அரசு தனி சட்டம் கொண்டு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தக்கூடாது. 18 வயது முடிந்து, 65 வயதைத் தாண்டாதவராக இருக்க வேண்டும். போட்டோ போட்ட அடையாள அட்டை கொடுக்க வேண்டும். போலீஸ், ராணுவ யூனிபார்ம் மாதிரியே தைத்துப் போடக்கூடாது. மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில். 2006-ல் வந்த மத்திய அரசின் மாதிரி விதிகளில், வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்று எழுதி இருந்தார்கள். நேற்று சேர்ந்து இன்று கேட்டில் நிற்கிற பெரியவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

ஊருக்கே செக்யூரிட்டியாக இருக்கும் இவருக்கு என்ன செக்யூரிட்டி?

12 மணி நேர டூட்டி இந்த தொழிலில் சர்வ சாதாரணம். 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு கூலி என்கிறது சட்டம். 'யூனிபார்ம் டெபாசிட்' என்று முதல் மாத சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அதாவது செக்யூரிட்டியே செக்யூரிட்டி கட்டி வேலைக்கு சேருகிறார்!

'சோஷியல் செக்யூரிட்டி' என்று இன்னொரு சொல் இருக்கிறது. பி.எப்., ஈ.எஸ்.ஐ., பிரசவ கால சலுகை, கிராஜுவிட்டி எல்லாம் அதில் அடக்கம். 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம். முதலாளி போடுவது 3.25 சதவீதம். இதைக் கட்டி வந்தால்தான் உடம்புக்கு முடியாமல் படுத்தால் அயனாவரம், கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கலாம். வேலைக்கு போக முடியாத நாட்களுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். சம்பளச் சீட்டில் 'பி.எப். பிடித்தம்' என்று போட்டு இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பணம் நிஜமாகவே உங்கள் யு.ஏ.என். நம்பரில் ஏறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"சும்மா செக்யூரிட்டிக்குத்தான்..."

ஆட்டோவுக்கு எப்.சி. காட்ட வேண்டும், பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் என்று அவசரத்துக்கு பைனான்ஸ்காரரிடம் 50 ஆயிரம் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புரோ நோட்டில் கையெழுத்து. கூடவே இரண்டு செக் லீப். தொகை எழுதவில்லை, தேதி எழுதவில்லை. கேட்டால், "பேங்க்ல போட மாட்டேன்பா, சும்மா செக்யூரிட்டிக்கு" என்பார்.

இங்கே செக்யூரிட்டி யாருக்கு? அவருக்கு.

செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு பாயும். 2 வருஷம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. "அது வெறும் செக்யூரிட்டி செக்தானே, கேஸ் நிக்காது" என்று டீக்கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பாக்கி இருந்தால், செக்யூரிட்டிக்கு என்று கொடுத்த செக்குக்கும் 138 பொருந்தும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து இருந்தாலும், அது கடனுக்காக கொடுத்ததுதான் என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் ஒரு தீர்ப்பு. அப்படி இல்லை என்று நிரூபிப்பது நம் தலையில்.

ஆனால் நமக்கு கைகொடுக்கும் தீர்ப்பும் ஒன்று இருக்கிறது. கடனில் ஒரு பகுதியைக் கட்டிய பிறகு, அதைக் கழிக்காமல் முழுத்தொகைக்கும் செக்கை பேங்கில் போட்டால் 138 வழக்கு நிற்காது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இதில் விஷயம் என்ன? கட்டினோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாரா வாரம் கையில் ரொக்கமாக கொடுத்துவிட்டு, அவர் நோட்டில் அவர் டிக் அடிப்பதை நாம் பார்த்துக்கொண்டு இருந்தால் ஆதாரம் ஏது? போன் வழியாகவோ பேங்க் வழியாகவோ அனுப்புங்கள். ரொக்கம் என்றால் ரசீது வாங்குங்கள்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்த நம்பர் செக், எந்தக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். "என்னை நம்பலையா?" என்று முறைப்பார். அவர் நம்மை நம்பாமல்தானே செக் கேட்கிறார்!

நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியக்கூடாது. கையில் கிடைத்த நாளில் இருந்து 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். பேங்கில் 'ஸ்டாப் பேமெண்ட்' சொல்லி விட்டால் தப்பி விடலாம் என்பதும் தப்புக்கணக்கு. கடன் தீர்ந்ததற்கு ரசீது இருந்தால்தான் அது பலிக்கும்.

இன்னும் சிலர் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் சேர்த்தே கொடுத்து விடுகிறார்கள். சம்பளம் ஏறியவுடன் வட்டிக்காரர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். இதற்கும் பெயர் செக்யூரிட்டிதான். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்து வட்டி தடைச் சட்டத்தில் 3 வருஷம் வரை ஜெயிலும், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டி வட்டி வாங்கினால் போலீசுக்கு போகலாம்.

ஷூரிட்டி கையெழுத்து

அடுத்தது அண்ணன் தம்பி வார்த்தை. "மச்சான், லோன் ரெடி. ஷூரிட்டிக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்று கூட வேலை பார்க்கிறவர் வந்து நிற்பார். மறுத்தால் முகம் கோணும். போட்டு விடுகிறோம்.

இதை நாம் 'ஜாமீன்' என்கிறோம். அது உருது வழியாக வந்த வார்த்தை. தமிழில் 'பிணை'. பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுவது. பிணைக்கைதி என்கிறோமே, அதே பிணை. இங்கிலீஷில் கவலை இல்லை என்று சொல்கிற விஷயத்தை நம் முன்னோர்கள் 'கட்டுப்பட்டாய்' என்று சொல்லி இருக்கிறார்கள். எது சரியான வார்த்தை என்று ஷூரிட்டி போட்டு மாட்டியவரைக் கேளுங்கள்.

பலரும் நினைப்பது இதுதான். முதலில் கடன் வாங்கியவனைத் துரத்துவார்கள், அவனிடம் ஒன்றும் தேறாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று. அப்படி கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்த சட்டத்தின் 128-வது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஷூரிட்டிக்கும் உண்டு. முதலில் அவனிடம் எல்லா வழியிலும் வசூல் பார்த்துவிட்டு வா என்று பேங்க்கிடம் ஜாமீன்தாரர் கேட்க முடியாது என்று 1969-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. மாத சம்பளக்காரரிடம் வசூலிப்பது சுலபம் என்றால் பேங்க் அவரிடம்தான் முதலில் வரும்.

அவர் கட்டாமல் விட்டால் உங்கள் பெயரும் சிபில் ரிப்போர்ட்டில் அடிபடும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு கல்விக்கடன் கேட்டுப் போகும்போது தெரியும்.

கட்டித் தொலைத்து விட்டால்? பேங்குக்கு கடன்காரர் மீது என்ன உரிமை இருந்ததோ அது உங்களுக்கு வந்து விடும். அவர் மேல் நீங்கள் கேஸ் போட்டு வசூலிக்கலாம். உங்களைக் கேட்காமல் பேங்கும் அவரும் கடன் நிபந்தனையை மாற்றிக்கொண்டால், அதற்குப் பிறகு நடப்பவற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று 133-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பேங்க் பாரத்தில் பொடி எழுத்தில், 'மாற்றினாலும் எனக்கு சம்மதம்' என்று பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வாங்கி விடுவார்கள். அதைப் படிக்காமல்தான் நாம் கையெழுத்து போடுகிறோம்.

செக்யூர்டு லோன்

'செக்யூர்டு லோன்' என்று கேட்டால் பாதுகாப்பான லோன் என்று தோன்றும். பேங்குக்கு பாதுகாப்பான லோன் என்பதுதான் சரி. வீடு, நகை, வண்டி ஏதாவது ஒன்று ஈடாக இருக்கும். அதனால் வட்டி குறைவு. ஈடு எதுவும் இல்லாத பர்சனல் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் 'அன்செக்யூர்டு'. வட்டி கூடுதல்.

வீட்டுக் கடனில் தவணை 90 நாள் கட்டாமல் போனால் வாராக்கடன் கணக்கில் சேர்த்து விடுவார்கள். பிறகு 2002-ல் வந்த சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் சிவில் கேஸ் போடாமலேயே வீட்டை எடுத்து ஏலம் விட வழி இருக்கிறது. நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கடன் மீட்பு தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னையிலேயே இருக்கிறது.

நம் ஜனங்களுக்கு அதிகம் பழக்கமானது நகைக்கடன். இதற்கு 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-ந்தேதிக்குள் எல்லோரும் இதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. இதன்படி இரண்டரை லட்சம் வரை கடன் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். 5 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். நகையை உரசி எடை போடும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். கடன் விவரங்களை உங்களுக்கு தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். பணத்தை முழுதும் கட்டி விட்டால் அன்றைக்கே, போனால் போகிறது 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தப்பினால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5 ஆயிரம் ரூபாய் உங்களுக்கு தர வேண்டும்.

வீட்டுப் பத்திரத்துக்கும் இதே மாதிரி 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. கடன் முடிந்த 30 நாளில் பத்திரம் திரும்பி வர வேண்டும். தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு அதே 5 ஆயிரம். லோன் முடிந்தும் பத்திரத்துக்கு அலைகிறவர்கள் இதை எழுதிக் கேட்கலாம்.

வீட்டு அட்வான்சும், லீசும்

சென்னையில் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு 'அட்வான்ஸ்' என்று பெயர். அட்வான்ஸ் என்றால் முன்பணம், பிறகு கழித்துக்கொள்வது. இது அப்படி இல்லை. காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். ஆனாலும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை, பைப் உடைஞ்சதுக்கு, பல்பு எரியாததுக்கு என்று கழித்துக்கொண்டே போவதைப் பார்த்தால் அட்வான்ஸ்தான் சரியான பெயரோ என்று தோன்றும்.

10 மாச வாடகை அட்வான்ஸ் என்பது இங்கே பழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம், 3 மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் 'வேறு மாதிரி ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால்' என்று ஒரு சந்து விட்டு இருக்கிறது. அந்த சந்து வழியாகத்தான் 5 மாசம், 10 மாசம் எல்லாம் வந்துகொண்டு இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு டெபாசிட்டை திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. குடி வரும் அன்றே சுவர், பைப், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

இதைவிட பெரிய ஆபத்து லீஸ். "8 லட்சம் கொடுங்க. மூணு வருஷத்துக்கு வாடகையே இல்லை. போகும்போது முழு பணமும் வாங்கிட்டு போங்க" என்பார்கள். ஊரில் நிலத்தை விற்று, நகையை விற்று கொடுக்கிற குடும்பங்கள் எத்தனையோ.

அந்த வீட்டின் மீது ஓனர் ஏற்கனவே பேங்கில் கடன் வாங்கி இருந்தால்? வீடு பேங்குக்கு செக்யூரிட்டி. ஓனர் தவணை கட்டாவிட்டால் ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நாம் கொடுத்த 8 லட்சத்துக்கு அந்த வீடு செக்யூரிட்டி இல்லை. ஓனர் வாய் வார்த்தை மட்டும்தான் செக்யூரிட்டி.

அதனால் பணம் கொடுக்கும் முன்பு வில்லங்க சான்று போட்டுப் பாருங்கள். பேங்க் கடன் பதிவாகி இருந்தால் அதில் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் பத்திரம் பதிவு செய்தே ஆக வேண்டும். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது போதாது.

ஊர்ப்பக்கம் 'போக்கியம்', 'ஒத்தி' என்பார்கள். பார்ப்பதற்கு லீஸ் மாதிரியே இருக்கும். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பதிவு செய்த போக்கியத்தில் வீடே நம் பணத்துக்கு அடமானம். பணம் திரும்பி வரும் வரை வீடு நம் வசம் இருக்க உரிமை உண்டு. நமக்கு முன்னால் பேங்க் அடமானம் இல்லை என்றால், உண்மையிலேயே செக்யூர்டாக இருப்பது நாம்தான்.

சீட்டு கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

இந்த வார்த்தை நம் பக்கம் திரும்பி நிற்கும் இன்னொரு இடம் சீட்டு. 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துகிறவர் முதலில் சீட்டுத் தொகைக்கு சமமான பணத்தை செக்யூரிட்டியாக காட்ட வேண்டும். 5 லட்ச ரூபாய் சீட்டு என்றால் 5 லட்சம். அவர் ஓடிப்போனாலும் அந்தப் பணம் இருக்கும். ஆனால் இது பதிவு செய்த சீட்டுக்கு மட்டும். "இந்த குரூப்புக்கு பதிவு நம்பர் என்னங்க?" என்று கேளுங்கள். பத்திரப்பதிவு துறையில் சரிபார்க்கலாம். தெருவில் தெரிந்த அக்கா பிடிக்கும் தீபாவளி சீட்டுக்கு இந்த செக்யூரிட்டி எல்லாம் கிடையாது. அக்கா நல்லவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேங்கில் போட்ட டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரியில் இருந்து 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. தனியார் பைனான்ஸ் கம்பெனியில் போட்ட டெபாசிட்டுக்கு இது கிடையாது.

பேங்க் லாக்கர் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உள்ளே என்ன வைத்தோம் என்பது பேங்குக்கே தெரியாது. திருட்டு, தீ, கட்டிடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றில் பொருள் போனால் பேங்கின் பொறுப்பு லாக்கரின் வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு. இது 2022 ஜனவரி முதல் உள்ள விதி. வருஷம் 2 ஆயிரம் வாடகை என்றால் 2 லட்சம். தங்கம் விற்கிற விலையில் எத்தனை பவுன் வரும் என்று நீங்களே கணக்கு போடுங்கள்.

ஷேர் மார்க்கெட்டிலும் பங்கு, பத்திரங்களுக்கு 'செக்யூரிட்டீஸ்' என்றுதான் பெயர். செபி என்பதில் முதல் எழுத்து அதுதான். முன்காலத்தில் கடனுக்கு ஈடாக கொடுத்த பத்திரத்தை அப்படி அழைத்தார்கள். பிறகு பங்குக்கும் அந்தப் பெயர் வந்து விட்டது. பெயரில் பாதுகாப்பு இருக்கிறதே தவிர, விலை இறங்கினால் பணம் போனதுதான். "செபி ரிஜிஸ்டர் பண்ணின கம்பெனி, லாபத்துக்கு கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் அது புரளி. லாபத்துக்கு செபி ஜாமீன் நிற்பது இல்லை.

கடைசியாக போன் கால். கார்டின் பின்னால் இருக்கும் 3 இலக்க நம்பர்தான் செக்யூரிட்டி கோடு. "பேங்க் செக்யூரிட்டி டிபார்ட்மெண்டில் இருந்து பேசறேன், உங்க அக்கவுண்டை பாதுகாக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்டால் போனை வைத்து விடுங்கள். பேங்க் அதைக் கேட்காது. சொல்லித் தொலைத்து விட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு தாவும் முன்பு நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.